ஏற்காட்டை விட உயரத்தில் ஓர் ஏரி: வேக்சர்ஃப் படகுக்கு எந்த எஞ்சின்?

கேள்வி: ஓசூரிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறான். அவனும் நண்பர்களுமாக மூன்று குடும்பங்கள் சேர்ந்து 22 அடி நீளமுள்ள வேக் படகு ஒன்றை வாங்கப் போகிறார்கள். பெரும்பாலும் வேக்சர்ஃபிங், எப்போதாவது வேக்போர்டிங். 5.3 லிட்டர், 350 குதிரைத்திறன் எஞ்சினே போதும் என்கிறார் விற்பவர். 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன் எஞ்சின் வேண்டுமென்றால் பல ஆயிரம் டாலர் கூடுதலாகும். துபாயில் படகு எஞ்சின் வேலை பார்த்தவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன். எதை வாங்கச் சொல்வது?

பதில்: 6.2 லிட்டர் எஞ்சினையே வாங்கச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் தம்பி கடல்மட்டத்தை ஒட்டிய ஃபுளோரிடாவில் இருந்துகொண்டு இதே படகைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டிருந்தால், 5.3 லிட்டரே போதும், மிச்சப் பணத்தில் நல்ல புரொப்பெல்லர் ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். படகும் ஆட்களும் விளையாட்டும் மாறாதபோது ஊர் மட்டும் மாறினால் எஞ்சின் ஏன் மாற வேண்டும் என்பதை விளக்கிவிட்டால், விற்பவர் சொல்வது எந்த இடத்தில் சரி, எந்த இடத்தில் தவறு என்பது உங்களுக்கே புலப்பட்டுவிடும்.

முதலில் இந்த விளையாட்டுகள் எஞ்சினிடம் என்ன கேட்கின்றன என்று பார்ப்போம். வேக்போர்டிங்கில் படகு மணிக்கு ஏறத்தாழ 32 முதல் 38 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். பலகையில் காலைப் பிணைத்துக்கொண்டவர் கயிற்றைப் பிடித்தபடி பின்னால் இழுபட்டு, படகு எழுப்பும் அலையின் மேல் ஏறித் தாவுவார். வேக்சர்ஃபிங்கில் வேகம் அதில் பாதிதான். மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர். சறுக்குபவர் படகுக்கு மிக அருகில், அதன் அலையின் சரிவிலேயே நிற்பார். எழுந்து நிலைகொண்டதும் கயிற்றைப் படகுக்குள் எறிந்துவிட்டு அலையின் தள்ளலிலேயே போய்க்கொண்டிருப்பார். பாதி வேகம்தானே, அதற்குச் சின்ன எஞ்சின் போதாதா என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் எஞ்சினை அதிகமாக வருத்துவது அந்த மெதுவான விளையாட்டுதான்.

ஒகேனக்கல்லில் பரிசலில் போயிருப்பீர்கள். பரிசல் தன் எடைக்கு ஈடான தண்ணீரை விலக்கிக்கொண்டு, தண்ணீருக்குள் அமர்ந்தபடியே நகர்வது. எவ்வளவு வேகமாகத் துடுப்புப் போட்டாலும் அது தண்ணீரின் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு ஓடாது. விசைப்படகு வேறு வகை. குறைந்த வேகத்தில் அதுவும் பரிசலைப் போலத் தண்ணீருக்குள் அமர்ந்தே போகும். போதுமான வேகம் வந்ததும் தன் முன்னால் தானே எழுப்பிய அலையின் மேல் ஏறி, அதைக் கடந்து, நீர்ப்பரப்பில் வழுக்கத் தொடங்கும். இந்த இரு நிலைகளுக்கும் நடுவே ஒரு மேடு இருக்கிறது. அந்த மேட்டில் படகின் மூக்கு மேலே தூக்கியும் பின்புறம் தண்ணீரில் அழுந்தியும் நிற்கும். நீரின் இழுவை அங்கேதான் மிகவும் கடுமையாக இருக்கும். சாதாரணப் படகோட்டி அந்த மேட்டைச் சில நொடிகளில் கடந்துவிடுவார். வேக்சர்ஃபிங்கில் நல்ல அலை கிடைப்பதே அந்த மேட்டில்தான் என்பதால், படகை வேண்டுமென்றே அங்கே நிறுத்தி, மணிக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். சேலத்திலிருந்து சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வரும் லாரி, தொப்பூர் கணவாயை ஒருமுறை ஏறி முடித்தால் தருமபுரி வரை மூச்சுவிடலாம். சர்ஃப் படகுக்கோ நாள் முழுதும் தொப்பூர் ஏற்றம்தான்.

ஏற்றத்தோடு பாரமும் சேர்கிறது. அலை பெரிதாக வேண்டும் என்பதற்காக, படகின் அடித்தளத்தில் உள்ள தொட்டிகளில் ஏரித் தண்ணீரையே பம்பு வைத்து நிரப்புவார்கள். பாலாஸ்ட் என்று சொல்வது இதைத்தான். உங்கள் தம்பியின் படகுக்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நீளத்தில் வெறும் படகு ஏறத்தாழ 2,300 கிலோ. பாலாஸ்ட் தண்ணீர் 1,400 லிட்டர் என்றால் 1,400 கிலோ. மூன்று குடும்பங்கள் என்கிறீர்கள், ஆகவே எட்டுப் பேர் என்று கொண்டால் 600 கிலோ. பெட்ரோல் 190 லிட்டர் நிரப்பினால் சுமார் 140 கிலோ. பலகைகள், நங்கூரம், ஐஸ்பெட்டி, நம்மவர்கள் தவறாமல் தூக்கிப்போகும் புளிச்சோற்றுத் தூக்கு எல்லாம் சேர்த்து 100 கிலோ. கூட்டினால் 4,540 கிலோ வருகிறது. விற்பனையாளர் தரும் தாளில் இருப்பது அந்த 2,300 கிலோ மட்டுமே. எஞ்சின் இழுக்க வேண்டியதோ அதைப்போல இரண்டு மடங்கு.

பழைய படகுகளில் இந்த அளவுக்குப் பாரம் ஏற்றியதில்லை. படகை ஒரு பக்கமாகச் சாய்த்தால்தான் அந்தப் பக்கம் சறுக்கத்தக்க அலை எழும் என்பதால் அப்போது ஒரு பக்கத் தொட்டிகளையும் பைகளையும் மட்டும் நிரப்புவார்கள். 2012இல் மலிபு என்ற படகு நிறுவனம் சர்ஃப் கேட் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. படகின் பின்புற ஓரத்தில் ஒரு தகடு விரிந்து நீரோட்டத்தைச் சற்றே தாமதப்படுத்தும். படகு சாயாமலேயே எதிர்ப்பக்கத்தில் அலை ஒழுங்காக எழும். பிற நிறுவனங்களும் தத்தம் வழியில் இதைச் செய்தன. விளைவு, இப்போது இரண்டு பக்கத் தொட்டிகளையும் நிரப்பலாம் என்றாகிவிட்டது. 20 ஆண்டுகளுக்கு முன் 5.7 லிட்டர், 300 சொச்சம் குதிரைத்திறன் எஞ்சினை வைத்துக்கொண்டு எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள் என்று யாராவது சொன்னால், அது உண்மைதான். ஆனால் அவர்கள் இழுத்த பாரம் வேறு.

இனி குதிரைத்திறன் பற்றி. பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் 350, 430 ஆகிய எண்கள் எஞ்சின் தன் உச்சச் சுழற்சியில், அதாவது நிமிடத்துக்கு 5,000 சுற்றுகளை ஒட்டியோ அதற்கு மேலோ, தரக்கூடிய திறன். சர்ஃபிங்கின்போது எஞ்சின் அங்கே ஓடுவதில்லை. பெரும்பாலும் 3,000 சுற்றுகளை ஒட்டியே ஓடும். அந்த இடத்தில் கிடைக்கும் திறன் எவ்வளவு என்பதை முறுக்குவிசைதான், அதாவது தண்டைச் சுழற்றும் வலுதான், சொல்லும். நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். ஒரு கிலோவாட் என்பது 1.34 குதிரைத்திறன். விளக்கத்துக்காக, 3,000 சுற்றில் சின்ன எஞ்சின் 480 நியூட்டன் மீட்டரும் பெரியது 570ம் தருவதாக வைத்துக்கொள்வோம். சின்னது 202 குதிரைத்திறனும் பெரியது 240ம் தரும். ஆக, 430 என்று எழுதிய எஞ்சினால் வேலை நடக்கும் இடத்தில் 240தான் தர முடிகிறது. நம் ஊரில் 45 குதிரைத்திறன் டிராக்டர் இழுக்கும் கரும்பு டிரெய்லரை 80 குதிரைத்திறன் காரால் அசைக்கவும் முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். பற்சக்கர விகிதமும் சக்கரமும் அதில் பெரும்பங்கு என்றாலும், குறைந்த சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசை என்பதே அடிப்படை. படகு வாங்கப் போகும்போது மட்டும் இது நமக்கு மறந்துவிடுகிறது.

இதுவரை சொன்னது எல்லா ஊருக்கும் பொருந்தும். கொலராடோவுக்கென்று தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் கேள்விக்கு விடையைத் தீர்மானிப்பது அதுதான்.

பெட்ரோல் எஞ்சின் எரிப்பது பெட்ரோலை மட்டுமன்று, காற்றையும் சேர்த்துத்தான். உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத எஞ்சின், ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 சதவீதம் திறனை இழக்கிறது. பழைய 100 சிசி பைக்கில் இருவராக ஏற்காடு ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; ஏற்றம் முடிந்து சமதளம் வந்த பின்னும் வண்டி கீழே இருந்த துடிப்போடு ஓடாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். டென்வர் நகரமே 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஃபோர்ட் காலின்ஸ் அருகில் வேக் படகுகள் நிறையச் செல்லும் ஹார்ஸ்டூத் நீர்த்தேக்கம் அதைவிடச் சற்று உயரம். 1,650 மீட்டரை ஒட்டியது. மலைக்குள் இருக்கும் கிராண்பி ஏரி 2,500 மீட்டருக்கு மேல், அதாவது நம் ஊட்டியையும் தாண்டியது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹார்ஸ்டூத்தில் 16, 17 சதவீதம் இழப்பு. அங்கே 350 குதிரைத்திறன் எஞ்சின் 290ஐ ஒட்டி நிற்கும். 430 குதிரைத்திறன் எஞ்சின் 360க்கு இறங்கும். அப்படியானால், கடல்மட்டத்தில் விற்பவர் போதும் என்று சொல்கிற 350ஐ உங்கள் தம்பி தன் ஏரியில் பெறுவதற்கே 430ஐ வாங்கியாக வேண்டியிருக்கிறது. சமவெளியில் பெரிய எஞ்சின் ஓர் ஆடம்பரமாக இருக்கலாம். அந்த மலைநாட்டில் அது சமவெளியின் சின்ன எஞ்சின்தான். கிராண்பிக்கு ஏறினால் கால்வாசித் திறன் போய்விடும். சின்ன எஞ்சினில் 260 சொச்சம்தான் மிஞ்சும். 3,000 சுற்றில் முன்பு சொன்ன 202 குதிரைத்திறன் ஹார்ஸ்டூத்தில் 168 ஆகிவிடும். அந்தப் பாரத்தோடு சர்ஃப் வேகத்தில் படகைத் தக்கவைக்க, எடுத்துக்காட்டாக 150 தேவைப்படுகிறது என்றால், சின்ன எஞ்சின் தன்னால் முடிந்ததில் 90 சதவீதத்தைத் தந்துகொண்டே இருக்க வேண்டும். பெரியது 75 சதவீதத்தோடு வேலையை முடித்துவிடும். கோடை வெயில் காற்றை இன்னும் மெலியச் செய்யும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். துபாயில் உயரம் என்பதே இல்லை. ஆனாலும் ஆகஸ்ட் மாதத்தில் அதே படகு ஜனவரியில் ஓடியதுபோல ஓடாது என்று 14 ஆண்டுகளும் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பெரிய எஞ்சின் என்றால் எடையும் கூடுமே என்ற ஐயம் எழலாம். 5.3, 6.2 என்ற இணையைப் பார்த்தால் இவை ஜெனரல் மோட்டார்ஸின் வி8 குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெரிகிறது. பிசிஎம், இல்மோர் போன்ற நிறுவனங்கள் அவற்றை வாங்கிப் படகுக்கு ஏற்றபடி மாற்றித் தருகின்றன. இரண்டிலும் பிஸ்டன் மேலும் கீழும் பயணிக்கும் தூரம் ஒன்றே, 92 மில்லிமீட்டர். சிலிண்டரின் விட்டம் மட்டும் ஒன்றில் 96, மற்றதில் 103 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். வெளியளவும் எடையும் ஏறக்குறைய சமம். ஆகவே கூடுதல் திறனுக்காகக் கூடுதல் இரும்பைச் சுமக்க வேண்டியதில்லை. கூடுதல் விலையைத்தான் சுமக்க வேண்டும்.

அடுத்தது புரொப்பெல்லர். எஞ்சினுக்காகப் பல ஆயிரம் டாலர் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள், சில நூறு டாலர் விலையுள்ள இதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. வழுக்கலே இல்லாமல் ஒரு முழுச் சுற்றில் புரொப்பெல்லர் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதுதான் பிட்ச். பிட்ச் கூடினால் உச்ச வேகம் கூடும், கிளம்பும் இழுவை குறையும். பிட்ச் குறைந்தால் இதற்கு மாறாக நடக்கும். பிட்சில் ஓர் அங்குலம் மாற்றினால் எஞ்சினின் உச்சச் சுழற்சி 150 முதல் 200 சுற்று வரை மாறும். தருமபுரிப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களுக்கு இது புதிதன்று: கிணற்றின் ஆழத்துக்குப் பொருந்தாத பம்பை இறக்கிவிட்டு, மோட்டார் சரியில்லை என்று மோட்டாரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

துபாயில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு ஒருவர் தன் படகைக் கொண்டுவந்தார். தொட்டிகள் போதாதென்று இருக்கைகளின் மேலும் தண்ணீர்ப் பைகளை நிரப்பி வைத்திருந்தார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு உறுமுகிறதே தவிர வேகம் எடுக்கவில்லை, எஞ்சினை மாற்றிப் பெரியது வையுங்கள் என்றார். எங்கள் மேலாளரும் அதற்கான விலைப்பட்டியலைத் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டார். நான் ஒருநாள் அவகாசம் கேட்டு, பிட்ச் இரண்டு அங்குலம் குறைந்த புரொப்பெல்லர் ஒன்றை மாட்டி, அதே பைகளோடு அவரையே ஓட்டச் சொன்னேன். படகு எழுந்து ஓடியது. அவர் இழந்தது உச்ச வேகத்தில் சில கிலோமீட்டர் மட்டுமே. அந்த வேகத்தை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. மேலாளர் அந்த வாரம் முழுவதும் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது தனிக் கதை.

உயரமான ஏரியில் இது இன்னும் முக்கியம். கடல்மட்டத்துக்காகத் தேர்ந்தெடுத்த புரொப்பெல்லரோடு படகு கொலராடோவுக்குப் போனால், மெலிந்த காற்றில் எஞ்சின் தன் உச்சச் சுழற்சியை எட்டாமல் திணறும். குறைந்த சுற்றில் முழு ஆக்சிலரேட்டரோடு திணறவிடுவது எஞ்சினுக்கு மிகவும் கெடுதல். அது சூட்டையும் கூட்டும், நாக்கிங் என்று நாம் சொல்லும் தட்டலையும் வரவழைக்கும். பற்சக்கர விகிதத்தையும் கேட்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஒன்றரைச் சுற்றுக்குப் புரொப்பெல்லர் ஒரு சுற்று என்பது ஒரு வகை. இரண்டு சுற்றுக்கு ஒன்று என்பது இன்னொரு வகை. இரண்டாவது விகிதத்தில் அகலமான, பெரிய புரொப்பெல்லரைச் சுழற்ற முடியும் என்பதால் கனத்த சர்ஃப் பாரத்துக்கு அது ஏற்றது.

சூப்பர்சார்ஜர் வைத்த 6.2 லிட்டர் எஞ்சின்களும் உண்டு. 550 குதிரைத்திறனுக்கு மேல் போகும், மெலிந்த காற்றையும் ஓரளவு ஈடுகட்டும். 25 அடிப் படகில் 15 பேரை ஏற்றிக்கொண்டு கிராண்பிக்கே போவதாக இருந்தால் அதை யோசிக்கலாம். 22 அடிப் படகுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அதற்குத் தட்டலை நன்கு தாங்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலும் கட்டாயம். பெட்ரோலைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஓர் எச்சரிக்கை: அமெரிக்க மலை மாநிலங்களில் சாதாரணப் பெட்ரோல் 85 ஆக்டேன் என்று விற்கப்படுகிறது. நம் ஊர்ப் பெட்ரோல் பங்கில் 91 என்று சொல்லிவந்தது வேறு அளவுமுறை. அமெரிக்கக் கணக்கில் அது ஏறத்தாழ 87. கையேட்டில் 87 அல்லது அதற்கு மேல் என்றிருக்கும் எஞ்சினுக்கு, மலிவாகக் கிடைக்கிறதே என்று 85ஐ ஊற்ற வேண்டாம். 6.2 சில வடிவங்களில் 87ஐ விட மேலான பெட்ரோலையே கேட்கும் என்பதால், வாங்கும் முன்பே கையேட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும்.

சின்ன எஞ்சின் பெட்ரோலைச் சேமிக்கும் என்ற வாதம் இந்த விளையாட்டில் எடுபடாது. முழுப் பாரத்தோடு சர்ஃப் ஓட்டும்போது எந்த எஞ்சினானாலும் நிறையவே குடிக்கும். தண்ணீரைத் தள்ள வேண்டிய வேலை ஒன்றே என்பதால் குடிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றே.

எஞ்சின் அளவோடு சேர்ந்ததல்ல என்றாலும், இதைச் சொல்லாமல் விடக் கூடாது. பேச்சுவார்த்தையின் நடுவில் யாராவது விலை குறைந்த, எஞ்சின் பின்புறத்தில் வெளியே தொங்கும் அவுட்போர்டு படகையோ, புரொப்பெல்லர் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெர்ன்டிரைவ் படகையோ காட்டினால், எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் சர்ஃபிங்குக்கு அதை எடுக்க வேண்டாம். சறுக்குபவர் விழுவது படகின் பின்புறத்திலிருந்து சில அடி தொலைவில். அங்கே சுழலும் இலைகள் இருக்கவே கூடாது. இன்போர்டு படகில் புரொப்பெல்லர் அடிப்பகுதிக்குக் கீழே, உள்ளடங்கி இருக்கும். 2015இல் வால்வோ பென்டா கொண்டுவந்த, புரொப்பெல்லர் முன்னோக்கி அமைந்த ஃபார்வர்டு டிரைவ் போன்றவை மட்டும் இதற்கு விலக்கு. இன்போர்டிலும் புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு பின்புறத்தில் தேங்கும் என்பதால், எஞ்சின் ஓடும்போது பின் மேடையில் குழந்தைகளை உட்காரவைக்கக் கூடாது.

இனி, தம்பி செய்ய வேண்டியது சோதனை ஓட்டம். விற்பவர் வழக்கமாக இரண்டு பேரை ஏற்றி, காலித் தொட்டியோடு ஓட்டிக் காட்டுவார். அதில் எந்த எஞ்சினும் பறக்கும். டென்வரில் ஒப்பந்தம் போட்டுவிட்டு, ஓட்டத்தைத் தாழ்வான ஏதோ ஓர் ஏரியில் வைத்துக்கொள்ளலாம் என்றாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அவர்கள் வழக்கமாகப் போகப் போகிற ஏரியிலேயே, எட்டுப் பேரையும் ஏற்றி, பாலாஸ்ட் தொட்டிகள் அனைத்தையும் நிரப்பி, நின்ற நிலையிலிருந்து சர்ஃப் வேகத்தை எட்ட எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கட்டும். பிறகு தொட்டிகளைக் காலி செய்துவிட்டு, அதே ஆட்களோடு ஆக்சிலரேட்டரை முழுமையாகத் தள்ளி, சுற்றுமானியில் எஞ்சின் எத்தனை வரை ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். கையேட்டில் முழு ஆக்சிலரேட்டருக்கென்று ஒரு சுழற்சி வரம்பு கொடுத்திருப்பார்கள். குறித்த எண் அந்த வரம்புக்குள் வந்தால் புரொப்பெல்லர் சரி. கீழே நின்றால், ஒவ்வொரு 150, 200 சுற்றுக்கும் ஓர் அங்குலம் பிட்ச் குறைந்த புரொப்பெல்லரை மாட்டித் தரும்படி விலை பேசும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணையும், இப்போது மாட்டியிருக்கும் புரொப்பெல்லரின் மையத்தில் பொறித்திருக்கும் அளவுகளையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை அங்குலம் குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.